மக்னம் தோட்டா



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றே மேற்பட்ட நீளமுடையது. ஒரு பித்தளைக் கோது, அதன் அடியிலே தட்டியவுடன் தீப்பொறி எழுப்பும் ஒரு சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயிலே இறுகப் பொருத்திய ஒரு சன்னம். இவ்வளவையும் சேர்த்தே தோட்டா என்கிறோம். சன்னம் மட்டுமே குழலை விட்டுப் பறந்து செல்வது. கோது துப்பாக்கியிலேயே தங்கிவிடும். இத்தகைய கைத்துப்பாக்கித் தோட்டாக்களுள்ளே .357 மக்னம் என்பது 1935ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே தோன்றியது. தோன்றிய நாளில் உலகில் விற்பனைக்கிருந்த கைத்துப்பாக்கித் தோட்டா எதனினும் வலியது இதுவே எனப் பெயர் பெற்றது. அதன் வலிமையைப் பற்றிப் பேசுவார் பலர். யான் இங்கே சிறப்பாகச் சொல்ல விரும்புவது அதன் நீளத்தைப் பற்றி. இந்தத் தோட்டாவின் நன்மையும், அதனால் விளைந்த ஒரு பெருந்தீங்கும், எட்டிலொரு அங்குல நீளத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன.

இதன் வரலாற்றை இதன் மூத்த தோட்டாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும். றிவோல்வர் என்னும் கைத்துப்பாக்கியிலே, சுழலும் உருளை ஒன்றும், அவ்வுருளையிலே பெரும்பாலும் ஆறு அறைகளும் உள்ளன. விசையை இழுக்குந்தோறும் ஒவ்வோர் அறையாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில், அமெரிக்கப் படையினர் .38 லோங் கோல்ற் என்னும் தோட்டாவை வழங்கினர். பிலிப்பைன் தீவுகளில் நடந்த போரிலே அது வலிமை போதாதது எனப் பெருங்குறை கூறப்பட்டது. அதனினும் சற்று நீண்டதும் வலியதுமான ஒரு தோட்டாவை சிமித் அன் வெசன் கம்பனியார் 1898ஆம் ஆண்டளவில் ஆக்கினர். அதுவே .38 ஸ்பெஷல். அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு அமெரிக்கப் பொலிசாரின் இடுப்பிலே தொங்கிய றிவோல்வர்களிற் பெரும்பாலானவை இத்தோட்டாவுக்கென்றே செய்யப்பட்டவை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. .38 என்பது ஓர் அங்குலத்தின் நூறு பங்கில் முப்பத்தெட்டைக் குறிக்கும். ஆனால் .38 ஸ்பெஷல் தோட்டாவின் சன்னத்தை அளந்து பார்த்தால் அதன் குறுக்களவு .357 அங்குலமேயாம். ஆதியில், கோதின் புறக்கனமும் சன்னத்தின் கனமும் ஒன்றாயிருக்கும்படி தோட்டாக்களைச் செய்தனர். பின்னர் சன்னத்தைச் சிறிதாக்கிக் கோதின் உள்ளே செருகும் முறை வந்தது. சன்னம் சிறுத்தது, பெயர் மட்டும் சிறுக்கவில்லை. ஆகவே 1935இல் வந்த புதிய தோட்டாவுக்கு .357 எனப் பெயரிட்டவர்கள் புதிய அளவொன்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. பழைய அளவை முதன்முறையாக உள்ளபடி சொன்னார்கள், அவ்வளவுதான்.

.38 ஸ்பெஷல் பிறந்த காலம் புகை கக்கும் பழைய கருமருந்தின் காலம். அம்மருந்து இடம் நிறைய வேண்டுவது. ஆகவே கோதை நெடிதாகச் செய்தனர். சிறிது காலத்துக்குள் புகையில்லா மருந்து வழக்குக்கு வந்தது. அது சிறிதளவிலேயே பெருவலிமை தருவது. எனவே கோதின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்தது. அந்த வெற்றிடத்தைப் பார்த்தவர்களுக்கு, இன்னும் மருந்து இடலாமே என்ற ஆசை எழுந்ததில் வியப்பில்லை. ஐடாகோ மாநிலத்திலே மாட்டுப் பண்ணை நடத்திக்கொண்டும் வேட்டையாடிக்கொண்டும் துப்பாக்கிகளைப் பற்றி எழுதிவந்த எல்மர் கீத் என்பவர் அவ்வாசையுடையாருள் முதன்மையானவர். தாமே வார்த்த கனத்த சன்னங்களை, வழக்கத்துக்கு மிஞ்சிய மருந்துடன் கோதுகளில் அடைத்து, பாரிய றிவோல்வர்களிலே இட்டுச் சோதித்து வந்தார். இது விளையாட்டன்று. கோது தாங்கினும் உருளை தாங்காதேல், துப்பாக்கி சுடுவோன் கையிலேயே வெடித்துவிடும்.

வேட்டைக்காரரின் இவ்வாசையை நாட்டின் தேவையாக்கியது மோட்டார்க் கார். அமெரிக்காவிலே மதுவிலக்குச் சட்டம் 1920 முதல் 1933 வரை நடைமுறையில் இருந்தது. அக்காலத்திற் கள்ளச் சாராயம் விற்றுக் கொழுத்த சண்டியர் கூட்டங்களும், பின்னர் வந்த வங்கிக் கொள்ளையரும் கார்களிலே பறந்தனர். துரத்திச் சென்ற பொலிஸ்காரனின் .38 ஸ்பெஷல் சன்னமோ காரின் உருக்குத் தகட்டிலே பட்டு நசுங்கி விழுந்தது. அல்லது துளைத்துச் சென்றாலும் உள்ளிருப்பவனைத் தாக்கும் வலியற்றுப் போயிற்று. போதாக்குறைக்குச் சில கொள்ளையர் மார்புக் கவசமும் அணியத் தொடங்கினர். 1933ஆம் ஆண்டு யூன் மாதம் 17ஆம் திகதி கன்சாஸ் நகரப் புகையிரத நிலையத்தின் முன்னே, கைதி ஒருவனை அழைத்துச் சென்ற அதிகாரிகள் மீது நடந்த தாக்குதலில் சட்டங்காப்போர் நால்வரும் அக்கைதியும் மாண்டனர். அடுத்த ஆண்டில் மத்திய புலனாய்வு அதிகாரிகள் ஆயுதந் தரிக்கச் சட்டம் இடங்கொடுத்தது.

துப்பாக்கி செய்வோரும் வாளாவிருந்தாரல்லர். கோல்ற் கம்பனியார் 1929இல் .38 சூப்பர் என்னும் தோட்டாவை வெளியிட்டனர். அதன் சன்னம் இலேசானது, வேகம் மிக்கது, கார்த் தகட்டைத் துளைப்பது. ஆனால் அது தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு உரியது. றிவோல்வரையே கையாண்டு பழகிய பொலிசாருக்கென, சிமித் அன் வெசன் கம்பனியார் 1930இல் வேறொரு வழியைக் கண்டனர். .44 அளவான பெரிய தோட்டாவுக்குச் செய்த பாரிய றிவோல்வரின் உடலை எடுத்து, அதிலே .38 அளவான குழலையும் உருளையையும் பொருத்தினர். அதனைத் தாங்கும் வலிமையுள்ள றிவோல்வருக்கென்று மிகு மருந்திட்ட .38 ஸ்பெஷல் தோட்டாக்களும் கடைக்கு வந்தன.

இவ்விடத்தே ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. அந்த வலிய தோட்டா பார்வைக்கும் நீளத்துக்கும் பழைய .38 ஸ்பெஷலேதான். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசியாதவன், அல்லது வாசிக்க அறியாதவன், அதனைத் தன் தந்தை விட்டுச்சென்ற சிறிய றிவோல்வரிலே இட்டால் அது தடையின்றி உள்ளே போகும். பின்னர் விசையை இழுத்தபோது என்ன நேரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எச்சரிக்கை வாசகம் எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டாலும் எல்லாரையும் காக்காது.

இதற்கு மாற்றுக் கண்டவர்கள் சிமித் அன் வெசன் கம்பனியைச் சேர்ந்த டக்ளஸ் வெசன் என்பவரும், பிலிப் சார்ப் என்னும் துப்பாக்கி நூலாசிரியரும், தோட்டாச் செய்யும் வின்செஸ்டர் கம்பனியாருமாவர். கீத் செய்த சோதனைகளும் இம்முயற்சிக்கு வழிகாட்டின. யாருக்கு எவ்வளவு புகழ் உரியது என்பது பற்றி அன்றே பூசல் இருந்தது. அதனை இங்கே தீர்க்க முயலேன். அவர்கள் செய்தது மிக எளிய காரியம். கோதை ஏறக்குறைய எட்டிலொரு அங்குலம் நீட்டினார்கள். .38 ஸ்பெஷலின் கோது 1.155 அங்குலம், புதியதின் கோது 1.29 அங்குலம். மருந்து இட இடம் போதாமையால் நீட்டினார்கள் என எண்ணலாகாது. இடந்தான் முன்னரே மிஞ்சிக் கிடந்ததே! நீட்டியது பூட்டாகவே. .38 ஸ்பெஷலுக்கெனச் செம்மையாகக் கடைந்த அறைக்குள்ளே இப்புதிய தோட்டா முழுவதும் இறங்காது, தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், உருளை மூடாது, ஆகவே சுடவும் முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவனையும், அவசரக்காரனையும், இருளிலே தடவித் தோட்டா இடுபவனையும் ஒருங்கே காக்கும் எச்சரிக்கை இது. பொறியியலார் செய்த நற்செயல்களுள் இதனையும் ஒன்றாகக் கருதுகின்றேன்.

மக்னம் என்பது இலத்தீன் மொழியிலே பெரியது எனப் பொருள்படுஞ் சொல். இரு போத்தல் வைன் கொள்ளும் பெரும் போத்தலுக்கு ஐரோப்பியர் இட்ட பெயரும் இதுவே. ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர் வழக்கத்தினும் மிகுந்த மருந்து கொள்ளும் வேட்டைத் தோட்டாக்களுக்கு இப்பெயரைப் பல காலம் வழங்கிவந்தனர். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அப்பெயரை நிலைநாட்டியது இதுவே.

தோட்டாவுடன் அதற்கான றிவோல்வரும் 1935இல் வெளிவந்தது. அதனைக் கடையிலே சென்று வாங்குதல் இயலாது. குழல் எவ்வளவு நீளம், குறிகாட்டி எவ்வகை என வாங்குவோன் எழுதி அனுப்ப, அவ்வாறே செய்து, இலக்கமிட்டு, பதிவுப் பத்திரம் ஒன்றுடன் அனுப்பினர். விலை 60 டொலர். நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய காலத்தில் அது பெருந்தொகை. ஆயினும் கம்பனியார் அஞ்சியவாறு அது விலைபோகாது கிடக்கவில்லை; செய்து முடிக்க இயலாத அளவுக்குக் கட்டளைகள் வந்தன. முதலாவது றிவோல்வர் மத்திய புலனாய்வுப் பிரிவின் தலைவர் எட்கார் ஹூவருக்கு அளிக்கப்பட்டது. கன்சாஸ் நகரப் பொலிஸ் திணைக்களம் தன் அதிகாரிகளுக்கென இதனை வாங்கிற்று. பின்னாளில் இரண்டாம் உலகப் போரிலே புகழ்பெற்ற ஜெனரல் ஜோர்ஜ் பற்றன், யானைத்தந்தப் பிடியிட்ட ஒன்றை இடுப்பிலே தரித்தார். டக்ளஸ் வெசனோ, கைத்துப்பாக்கியால் ஆகுமா என ஐயுற்றோர் வாயடைக்கத் தாமே காட்டுக்குச் சென்று மூஸ் என்னும் பெருமான் உட்படப் பெருவிலங்குகளை இதனாலே வீழ்த்தினார். விளம்பரத்துக்காகச் செய்தாரெனினும், வேட்டையிலே குறி தவறாதவர் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். மற்றையோர் இதனைக் கொண்டு பெருவிலங்குகளை நாடுதல் விலங்குக்கும் தமக்கும் துன்பஞ் செய்வதாகவே முடியும்.

இனி இதன் வலிமை எத்துணை என்பதைக் கணக்கால் நோக்குவாம். இத்துறையிலே சன்னத்தின் நிறையைக் கிரெயின் என்னும் சிற்றளவால் நிறுப்பர். ஓர் இறாத்தல் 7000 கிரெயின். .38 ஸ்பெஷலின் வழக்கமான சன்னம் 158 கிரெயின். மக்னத்தின் முதற் சன்னமும் அதே 158 கிரெயின். முன்னையது செக்கனுக்குச் சுமார் 850 அடி வேகத்திலே சென்றது. பின்னையது 1515 அடி வேகத்திலே சென்றது எனக் கம்பனியார் அறிவித்தனர். வேகம் இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஓடும் பொருளின் சத்தி வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதாகையால், சத்தி மும்மடங்குக்கு மேலாயிற்று. ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த 1515 அடி என்பது எட்டேமுக்கால் அங்குலக் குழலிலே அளந்தது. அவ்வளவு நீண்ட குழலைப் பொலிஸ்காரன் எவனும் காரிலே இருந்துகொண்டு உருவ முடியாது. இக்காலத்தில் நாலங்குலக் குழலிலே 158 கிரெயின் சன்னத்துக்குச் சொல்லப்படும் வேகம் சுமார் 1235 அடி. அதுவே போதிய வேகந்தான். எனினும் விளம்பர இலக்கத்துக்கும் இடுப்பிலே தொங்கும் ஆயுதத்துக்கும் உள்ள தூரத்தை வாங்குவோர் அறிந்திருத்தல் நன்று.

இத்தோட்டாவின் குணங்களுள் வேகத்தினும் மேலானது ஒன்று உண்டு. நீண்ட தோட்டா குறுகிய அறையிற் போகாது என்றோம். குறுகிய தோட்டா நீண்ட அறையிலே இலகுவாகப் போகுமல்லவா? சன்னம் ஒரே கனம். கோது ஒரே கனம். ஆகவே .357 மக்னம் றிவோல்வர் ஒன்றை வைத்திருப்பவன் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் அதிலே சுடலாம். முன்னையதைத் தாங்கும் உருக்குக்குப் பின்னையது பாரமேயன்று. ஏனெனில் அறையிலே எழும் அழுத்தம் மக்னத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 35,000 இறாத்தல் வரை செல்ல,.38 ஸ்பெஷலுக்கு 17,000 இறாத்தலளவிலேயே நின்றுவிடும். ஒரே றிவோல்வர், பழகும்போது மெல்லிய தோட்டா, தேவைப்படும்போது வலிய தோட்டா. விலையும் மலிவு, கைக்கும் காதுக்கும் சுகம். இதனைப் போல வாங்குவோனுக்கு இசைவான ஏற்பாடு துப்பாக்கித் தொழிலிலே அரிது.

சுகம் எனச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மக்னத்தைச் சுடுதல் சுகமான காரியமன்று. வேட்டுச் சத்தம் 160 டெசிபெலுக்கு மேற்படும். காதுக்கு அடைப்பின்றிச் சுடுவோன் செவிப்புலனை இழப்பான். இரவிலே குழல்வாயிலிருந்து பந்தம் போல எழும் சுவாலை சுட்டவனின் கண்ணையே மறைக்கும். பின்னுதைப்பு மணிக்கட்டை மேலே தூக்க, அடுத்த சூட்டுக்குக் குறியை மீட்டெடுக்கப் பொழுது செல்லும். வெறும் ஈயச் சன்னம் அவ்வேகத்திலே குழலின் உட்புறமெங்கும் ஈயத்தைப் பூசிவிட்டுச் சென்றதும் ஆரம்ப காலத்துக் குறை. எல்லாவற்றுக்கும் மேலாக, காரின் தகட்டைத் துளைக்கப் பிறந்த சன்னம் மனித உடலையும் துளைத்து அப்பாலே செல்லும். நெடுஞ்சாலையிலே குணமாயிருந்தது சனநெருக்கமுள்ள நகரத் தெருவிலே குற்றமாயிற்று. எய்தவன் குறிவைத்தவனுக்குப் பின்னே யார் நிற்கிறார் என்பதைச் சன்னம் அறியாது.

போருக்குப் பின்னர் மக்னம் பெருவாரியாகப் பரவியது. 1954இலே நெடுஞ்சாலைப் பொலிசாருக்கென மெருகு குறைந்த மலிவான றிவோல்வர் ஒன்று வந்தது. அடுத்த ஆண்டில், எல்லைக் காவற்படை அதிகாரியும் குறிதவறாச் சுடுநருமான பில் ஜோர்டன் என்பாரின் தூண்டுதலால், நடுத்தர உடலையுடைய இலேசான மக்னம் றிவோல்வரைச் சிமித் அன் வெசன் கம்பனியார் செய்தனர். நாள் முழுவதும் சுமப்பவனுக்கு அது பெரிய உபகாரம். கோல்ற் கம்பனியாரின் பைதன் என்னும் அழகிய றிவோல்வரும் அதே 1955இல் வந்ததே. ஆனால் துப்பாக்கி இலேசாக ஆகப் பின்னுதைப்புக் கொடிதாகும் என்பது மாறாத விதி. ஆகவே ஜோர்டனின் ஏற்பாட்டிலும், பெரும்பாலும் .38 ஸ்பெஷலைக் கொண்டு பழகுவதும், மக்னத்தை இட்டுக்கொண்டு கடமைக்குச் செல்வதுமே முறையாகக் கருதப்பட்டது. நாட்டின் பல பொலிஸ் திணைக்களங்கள் இவ்வாறே செய்தன. செலவு சுருக்கமும் அதற்குத் துணைநின்றது.

1970ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 5ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி, கலிபோர்னியாவிலே நியூகோல் என்னும் இடத்திலுள்ள ஓர் எண்ணெய் நிலையத்தருகே, நெடுஞ்சாலைப் பொலிசார் ஒரு காரை மறித்தனர். உள்ளே இருந்தவர் இரு குற்றவாளிகள். ஆயுதங்களோ மிகப் பல. சண்டை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. நான்கு பொலிஸ் அதிகாரிகள் உயிரிழந்தனர். நால்வரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அவர்கள் திருப்பிச் சுட்டனரெனினும், எதிரியைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஒரு சூடேனும் படவில்லை.

பின்னர் நடந்த விசாரணையிலே பல குறைகள் வெளிவந்தன. காரை மறிக்கும் முறை, துணைக்கு நிற்போன் நிற்கும் இடம், மோதலின் நடுவே தோட்டா மாற்றும் பயிற்சி, இவை யாவும் போதாமல் இருந்தன. அவற்றோடு சேர்த்து எண்ணப்பட்டது இது: அவர்கள் .38 ஸ்பெஷலைக் கொண்டு பயிற்றப்பட்டவர்கள். அவர்களுட் சிலர் அன்று சுமந்து சென்றதோ மக்னம். பயிற்சித் திடலிலே பகல் வெளிச்சத்தில் மெல்லென உதைத்த அதே றிவோல்வர், அந்த இருளிலே கண்ணைப் பறிக்கும் சுவாலையுடனும் செவியடைக்கும் ஓசையுடனும் கையிலே துள்ளியது. உயிர் போகும் வேளை புதியதொன்றைக் கற்கும் வேளையன்று. மேலே யான் மிக மெச்சிய குணமே, ஒரே அறையிலே இரண்டும் போகும் என்ற அந்த வசதியே, இங்கே கண்ணியாயிற்று. தோட்டா ஒன்றும் பொய் சொல்லவில்லை. மலிவான பயிற்சி விலையுயர்ந்த ஆயுதத்துக்கு ஈடாகும் என எண்ணியவர்கள் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டார்கள். கலிபோர்னிய நெடுஞ்சாலைப் பொலிசார் இதன் பின்னர், பழகும் தோட்டாவும் சுமக்கும் தோட்டாவும் ஒன்றாகவே இருத்தல் வேண்டுமென .38 ஸ்பெஷலையே இரண்டுக்கும் நியமித்தனர். வலிய ஆயுதத்தைக் கைவிட்டு மெலியதை மேற்கொண்டது பிற்போக்கு என்றனர் சிலர். எனக்கு அது தெளிவான முடிவாகவே தோன்றுகிறது.

ஏனைய திணைக்களங்கள் மறுவழி சென்றன. 125 கிரெயின் நிறையுள்ள, நுனியிலே குழி பொருந்திய சன்னம் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. அது செக்கனுக்குச் சுமார் 1450 அடி வேகத்திற் சென்று, பட்டவிடத்தே மலர்ந்து, உள்ளேயே தங்க முயல்வது. துளைத்து அப்பாற் செல்லும் குறை இதனாலே பெரிதும் நீங்கிற்று. பொலிசாரின் கையிலே இதனைப் போல எதிரியை உடனே தடுக்கும் தோட்டா வேறில்லை என்னும் பெயரும் பரவிற்று. கடமைக்குச் சுமப்பதைக் கொண்டே பழகுதல் வேண்டுமெனத் திணைக்களங்கள் மக்னத்தையே நிறையச் சுடத் தொடங்கியபோது, சிறிய றிவோல்வர்களின் குழல் உருளையைச் சந்திக்கும் பின்முனையிலே வெடிப்புகள் தோன்றின. எப்போதாவது மக்னம், எப்போதும் .38 என்ற எண்ணத்தோடு செய்த உடல் இந்த ஓயாத வேலையைத் தாங்கவில்லை. ஆகவே 1980இல் இடைநிலைப் பருமனுள்ள புதிய உடலொன்றைச் சிமித் அன் வெசன் கம்பனியார் ஆக்க நேர்ந்தது.

இதற்கிடையே மக்னம் என்ற பெயர் பெருகிற்று. 1955ஆம் ஆண்டின் இறுதியிலே கீத்தின் நெடுநாளைய வேண்டுகோளின்படி .44 மக்னம் வந்தது, 1964இல்.41 மக்னம் வந்தது. .44ஐ உலகறியச் செய்தது 1971இல் வந்த ஒரு திரைப்படமே. இவற்றுள் .44 மக்னம் பழைய தோட்டாவை நீட்டி வலியதாக்கும் அதே உபாயத்தின் வழிவந்தது.

1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் திகதி மயாமி நகரிலே மத்திய புலனாய்வு அதிகாரிகளுக்கும் இரு கொள்ளையருக்கும் இடையே நடந்த சண்டையில் அதிகாரிகள் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். ஒரு கை பயனற்றுப்போன ஓர் அதிகாரி மற்றக் கையில் இருந்த .357 மக்னம் றிவோல்வராலேயே சண்டையை முடித்துவைத்தார். அந்த றிவோல்வரில் இருந்தவையோ மக்னம் தோட்டாக்களல்ல; சற்று மருந்து கூட்டிய .38 ஸ்பெஷல்கள். எனினும் ஆறு சூட்டோடு நின்றுவிடும் றிவோல்வரின் காலம் முடிந்தது என்ற முடிவுக்கே அச்சண்டையின் பின்னர் பலர் வந்தனர். அடுத்த பத்தாண்டிலே அமெரிக்கப் பொலிசார் பெரும்பாலும் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறினர். மாறியவர்களிலும் சிலருக்குப் பழைய 125 கிரெயின் மக்னத்தின் நினைவு நீங்கவில்லை போலும். அதன் வேகத்தைத் தானியங்கியிலே பெறுதற்கென்றே 1994இல்.357 சிக் என்னும் தோட்டா ஆக்கப்பட்டது.

இன்று .357 மக்னத்தைப் போற்றுவோர் குறிப்பயிற்சி செய்வோரும், காட்டிலே நடப்போரும், மான் வேட்டையாடுவோருமாவர். நெம்புபிடியால் இயங்கும் சிறு நெடுந்துப்பாக்கிகளும் இதற்கெனச் செய்யப்படுகின்றன. நீண்ட குழலிலே மருந்து முற்றும் எரிந்து வேலை செய்வதால், அவற்றிலே வேகம் கைத்துப்பாக்கியினும் மிகக் கூடும். பின்னுதைப்போ தோளுக்கு ஒரு பொருட்டன்று. இத்தோட்டா தன் முழுக் குணத்தையும் காட்டும் இடம் அதுவே எனலாம்.

றிவோல்வரிலே இரண்டையும் மாறி மாறிச் சுடுவோர் இன்றும் ஒரு காரியத்தை மறவாது செய்கின்றனர். குறுகிய .38 ஸ்பெஷலைப் பல தடவை சுட்டால், கோதின் வாய் முடியும் இடத்துக்கு அப்பால், ஒவ்வோர் அறையிலும் கரியும் ஈயமும் சேர்ந்த வளையம் ஒன்று படியும். அதன் அகலம் அந்த எட்டிலொரு அங்குலமே. பித்தளைத் தூரிகையாலே அதனைச் சுரண்டித் துடைக்காவிடின், நீண்ட மக்னம் தோட்டா வேண்டிய வேளையில் அறைக்குள் முழுவதும் இறங்காது இடையிலே சிக்கி நிற்கும்.